ஊரில் வீரர் நினைவுக்கல்: சிலையா, துப்பாக்கியும் ஹெல்மெட்டுமா, விளக்கா?

ஜவ்வாதுச்சாரல்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் செங்கம் பக்கம். ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களில் மூன்று பேர் திரும்பி வரவில்லை. ஒருவர் 1971 போரில், ஒருவர் 1999 கார்கிலில், மூன்றாமவர் சியாச்சினில் பனிச்சரிவில் போனவர். அவர் உடல் கிடைக்கவே இல்லை. ஓய்வு பெற்று ஊரோடு இருப்பவர்கள் பதினாறு பேர்.

மூவருக்கும் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஏதாவது வைக்க வேண்டும் என்று பணம் திரட்டியிருக்கிறோம். மூன்று முறை கூட்டம் போட்டும் முடிவு வரவில்லை. பெரியவர்கள் மார்பளவு சிலை கேட்கிறார்கள். இளைஞர்கள் டெல்லியில் இருப்பது மாதிரி தலைகீழ்த் துப்பாக்கியும் ஹெல்மெட்டும் வேண்டும் என்கிறார்கள். ஒருவர் அணையா விளக்கு என்றார். எது எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் பணம் இருக்கிறதே என்று ஒன்றை நட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு ஹவில்தார்

தம்பி, இருபத்துநாலு வருஷம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தலைகீழ்த் துப்பாக்கி முதலில் அலங்காரமாக வந்தது இல்லை. சண்டை நடக்கும்போது ஒருவன் விழுந்தால் அங்கேயே நின்று எடுத்துப்போக முடியாது. அவன் துப்பாக்கியையே பயனெட்டோடு தரையில் குத்தி, ஹெல்மெட்டை மேலே மாட்டிவிட்டு முன்னால் போவார்கள். பின்னால் வருகிறவர்கள் ‘இங்கே நம்ம ஆள் கிடக்கிறான்’ என்று தெரிந்துகொள்வதற்கு. இரண்டு உலகப் போரிலும் இப்படிச் செய்திருக்கிறார்கள். டெல்லி இந்தியா கேட்டுக்கு அடியில் கறுப்புப் பளிங்கு மேடைமேல் அதையே நிறுத்தி, 1972 ஜனவரி 26 அன்று இந்திரா காந்தி அமர் ஜவான் ஜோதியைத் திறந்துவைத்தார். அதில் நின்ற துப்பாக்கி அப்போது நம் படை வைத்திருந்த எஸ்.எல்.ஆர். நான் ரெக்ரூட்டாக இருந்தபோது சுட்டுப் பழகியதும் அதுதான்.

இறுதி மரியாதை அணிவகுப்பில் ‘ஷோக் சஸ்திர’ என்று ஒரு கட்டளை உண்டு. துப்பாக்கியைத் திருப்பிக் குழல்முனை பூட்ஸ் மேல் நிற்க, பின்கட்டை மேல் இரண்டு கையையும் வைத்து, தலையைக் குனிந்து நிற்க வேண்டும். அந்த நேரம் பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் என்ற இறுதி விடை இசையை ஊதுவார்கள். அந்தக் கட்டளையில் நான் பல தடவை நின்றிருக்கிறேன். பழகிப்போகும் என்று நினைத்தேன், ஒருநாளும் பழகவில்லை. குனிந்த தலைக்கு எதிரே பெட்டி தெரியாது, நம் பூட்ஸ்தான் தெரியும்.

அதனால் என் ஓட்டு துப்பாக்கிக்கும் ஹெல்மெட்டுக்கும்தான். ஆனால் ஃபைபரில் பொம்மைத் துப்பாக்கி வைக்காதீர்கள். ஒரு ஊரில் பார்த்தேன், ஒரே வருஷத்தில் குழல் உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

கல்வெட்டுப்பித்தன்

செங்கம் பக்கம் என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தமிழ்நாட்டிலேயே நடுகற்கள் செறிந்து கிடக்கும் மண் உங்களுடையது! பல்லவர் காலத்துக் கற்கள் உங்கள் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் நின்றவை. பாதி ஊர்களில் வேடியப்பன் என்று இன்றும் பொங்கல் வைத்துக் கும்பிடுவது அந்தக் கற்களைத்தான். உங்கள் ஊரிலும் ஒரு வேடியப்பன் இருப்பாரே?

ஒரு நடுகல்லில் என்ன இருக்கும்? அரசனின் ஆட்சியாண்டு, வீரன் பெயர், அவன் யாருடைய சேவகன், எந்தப் பூசலில் இறந்தான் என்ற தகவல். கடைசியில் ‘தொறுக்கொண்ட ஞான்று பட்டான் கல்’ என்பது போல முடியும். மாட்டுமந்தையைக் கவர்ந்த அன்று சண்டையில் இறந்தவனின் கல் என்று பொருள். கீழே வில்லோ வாளோ ஏந்திய உருவம். அவ்வளவுதான். பட்டம், புகழ்ச்சி எதுவும் கிடையாது.

எடுத்தனூரில் ஒரு கல், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் பூசலில் விழுந்துவிடுகிறான். அவனுடைய நாய் இரண்டு கள்ளரைக் கடித்துவிட்டு அவன் உடலைக் காத்து நின்றிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். ஊரார் அதன் உருவத்தையும் அவனுக்குப் பக்கத்தில் செதுக்கி, பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால் அது கல்லில் பெயர் வெட்டியதால்தான்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கல் இதைவிட மிகப் பழையது. தமிழ்ப் பிராமி எழுத்தில், கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த ஒருவனுக்கு எடுத்தது. அதில் உருவம்கூடக் கிடையாது, எழுத்து மட்டும்தான்.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிப் பார்ப்பதே முதல் படி. உங்கள் மண்ணிலேயே இப்படி ஒரு மரபு இருக்கும்போது டெல்லி நகல் எதற்கு?

உளிச்சத்தம்

நாங்கள் தலைமுறையாகக் கல்வேலை செய்கிறவர்கள். இரண்டு பேர் சொன்னதையும் படித்தேன். என் தொழில் பக்கத்திலிருந்து சில விஷயம்.

பலகைக்கல் ஒன்றில் துப்பாக்கியையும் ஹெல்மெட்டையும் புடைப்பாகச் செதுக்கலாம். அப்போது ஹவில்தார் ஐயா சொன்ன உடைசல் பிரச்சினை வராது. எழுத்தைப் பெயின்டால் எழுத விடாதீர்கள். கல்லுக்குள் வெட்டச் சொல்லுங்கள். மெஷின் வெட்டு மெல்லியதாக இருக்கும், பத்து வருஷத்தில் தூசி அடைத்துப் படிக்க முடியாது. உளியால் ஆழமாக, அடிப்பக்கம் ‘வி’ வடிவத்தில் வெட்டினால் சாய்ந்த வெயிலில் நிழல் விழுந்து எழுத்து தானாகத் தெரியும். அதனால் கல்லைக் கிழக்கு அல்லது மேற்கு பார்த்து நிறுத்துங்கள். வடக்குப் பார்த்த கல்லில் வெட்டெழுத்து செத்துப்போகும்.

பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்புக் கிரானைட் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பார்க்கிறவன் முகம்தான் அதில் தெரியும். பாலிஷ் போடாத, உளிக்கொத்து போட்ட சாம்பல் கல் போதும்.

மூன்றாம்_மகள்

இந்த இழையைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். என் அப்பா கார்கிலில் இறந்தவர். அப்போது எனக்கு ஆறு வயது.

எங்கள் ஊரில் அப்பாவுக்கு மார்பளவு சிலை வைத்தார்கள். நல்ல மனதோடுதான் வைத்தார்கள். ஆனால் அது அப்பா இல்லை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பார்த்துச் செய்தது. அப்பாவுக்கு மெல்லிய மீசை, சிலைக்குக் காதுவரை முறுக்கு மீசை வைத்துவிட்டார்கள். வருஷம் ஒருமுறை சில்வர் பெயின்ட் அடிக்கிறார்கள், கண்ணுக்கும் சேர்த்து. அம்மா சந்தைக்குப் போகும்போது அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவார். ‘யாரோ ஒருத்தர் உங்கப்பா பேர்ல நிக்கிறார்’ என்று ஒரு தடவை சொன்னார். தேர்தல் வந்தால் சிலைக் கம்பியில்தான் கட்சிக்கொடி கட்டுவார்கள்.

எங்களுக்கு அப்பாவின் நினைவு என்பது பீரோவில் இருக்கிற கொடிதான். பெட்டி மேல் போர்த்தி வந்த கொடி. காவி நிறம் தலைப்பக்கம் இருந்தது என்று பெரியக்கா சொல்வாள். சிதையில் வைக்கும் முன் நான்கு பேர் அதை எடுத்து, மடித்து, அம்மா கையில் கொடுத்தார்கள். அம்மா அதைத் தன் கல்யாணப் புடவைக்குள் சுற்றி வைத்திருக்கிறார். அப்பா நினைவுநாளில் எடுத்து, பிரிக்காமல் மடியில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு, ரசகற்பூர உருண்டை மாற்றிவிட்டுத் திரும்ப வைப்பார். நாங்கள் யாரும் அதைத் தொட்டதில்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். சிலையோ கல்லோ, முதலில் அந்த மூன்று வீட்டுக்கும் போய்க் கேளுங்கள். எங்களை யாரும் கேட்கவில்லை.

ஜவ்வாதுச்சாரல்

அக்கா, கூட்டம் மூன்று முறை போட்டோம். ஒரு தடவைகூட அவர்கள் வீட்டாரை அழைக்கவில்லை. படித்ததும் கை நடுங்கிவிட்டது. இந்த ஞாயிறு போகிறேன்.

ஓய்வு ஹவில்தார்

அம்மா, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கொடியைச் சிதையோடு எரிக்கவோ குழிக்குள் இறக்கவோ கூடாது என்பது கொடி விதியிலேயே இருக்கிறது. அதனால்தான் அது வீட்டுக்கு வருகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கார்கிலுக்கு முன்னால் பெட்டி ஊருக்கு வருவது அரிது. 1962, 65, 71இல் இறந்தவர்களைப் பெரும்பாலும் அங்கேயே எரித்துவிடுவார்கள் அல்லது புதைத்துவிடுவார்கள். வீட்டுக்குத் தந்தி வரும், அப்புறம் அவருடைய டிரங்குப் பெட்டி வரும். 1999இல்தான் மலைமேலிருந்து ஒவ்வொருவரையும் இறக்கிச் சொந்த ஊருக்கே அனுப்பினார்கள். ஜவ்வாதுத் தம்பி, உங்கள் ஊரில் மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஊர்மண்ணில் எந்த அடையாளமும் இல்லை. நீங்கள் நடப்போவதுதான் அந்த இரண்டு வீட்டுக்கும் சமாதி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல்கடந்தவள்

நான் இங்கிலாந்தில் பிரைட்டனில் நர்ஸ் வேலை. இங்கே நவம்பர் மாதம் வந்துவிட்டால் எல்லார் சட்டையிலும் காகிதத்தில் செய்த சிவப்புப் பாப்பிப் பூ இருக்கும். முதல் உலகப் போரில் குண்டு விழுந்து புரண்ட பெல்ஜிய, பிரெஞ்சு மண்ணில் முதலில் முளைத்தது அந்தப் பூ என்பதால் 1921 முதல் பிரிட்டனில் இதைக் குத்திக்கொள்கிறார்கள். பூ விற்ற காசு முன்னாள் வீரர்களுக்குப் போகிறது. பிரான்சில் அதே காரணத்துக்காக நீலப்பூ.

ஊருக்கு வெளியே மேட்டுநிலத்தில் சத்ரி என்று ஒரு வெள்ளைப் பளிங்கு மண்டபம் இருக்கிறது. முதல் போரில் காயம்பட்டு பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த 53 இந்து, சீக்கிய வீரர்களை எரித்த இடத்தில் 1921இல் எழுப்பியது. ஆட்டுமந்தை மேயும் புல்வெளி நடுவே தனியாக நிற்கும். முதல் தடவை போனபோது குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். எந்த ஊர்ப் பிள்ளைகளோ, எவ்வளவு தூரம் வந்து இங்கே எரிந்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் பாப்பிக்குப் பதில் செண்டுமல்லியை வைத்துக்கொள்ளலாம் என்று டெல்லியில் உள்ள யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன் சில வருஷம் முன்பு முன்மொழிந்தது. எல்லா ஊரிலும் கிடைக்கிற பூ, காவி நிறம் என்பதால். எனக்கு அது பிடித்திருந்தது. உங்கள் ஊர்க் கல்லைச் சுற்றிச் செண்டுமல்லி போடலாமே?

அப்புறம், முதல் உலகப் போருக்கு உங்கள் ஊரிலிருந்து யாராவது போனார்களா என்று பாருங்கள். வடஆற்காடு பக்கமிருந்து நிறையப் பேர் போயிருக்கிறார்கள். அவர்களையும் சேர்க்க வேண்டும்.

மண்வாசல்

மன்னிக்கவும், கடைசி யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளைக்காரன் சண்டைக்கு, வெள்ளைக்காரன் சம்பளத்துக்குப் போனவர்களை நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களோடு ஒரே கல்லில் எழுதுவது நியாயமா? அதே காலத்தில் சிறைக்குப் போனவர்களும் இருந்தார்கள். பாப்பிப் பூவை எந்த அர்த்தத்தில் நாம் குத்திக்கொள்வது?

கல்வெட்டுப்பித்தன்

மண்வாசல், கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அவர்களை அந்த அரசும் ஒழுங்காக நினைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ‘பதவி, இனம், மதம் பாராமல் எல்லோருக்கும் சமமான அடையாளம்’ என்பதுதான் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையத்தின் கொள்கை. நந்தம்பாக்கம் மதராஸ் போர்க் கல்லறையில் இரண்டாம் போரைச் சேர்ந்த 856 பேரின் கற்கள் அதிகாரி, சிப்பாய் வித்தியாசம் இல்லாமல் ஒரே அளவில் நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் முதல் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரைகூட, பெயரிட்டு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று 2021இல் அந்த ஆணையமே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது.

செங்கம் நடுகற்களில் இருப்பவர்கள் யார்? மாடு பிடிக்கப் போனவனும் இருக்கிறான், மாட்டை மீட்கப் போனவனும் இருக்கிறான். எந்தச் சிற்றரசனுக்கு எதிராக எந்தச் சிற்றரசன் என்று இன்று நமக்குக் கவலை இல்லை. ஊரார் தங்கள் பிள்ளைக்குக் கல் எடுத்தார்கள்.

மண்வாசல்

பெயர் மறைக்கப்பட்டவர்கள் என்ற பக்கத்தை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் எந்தப் போர், யாருடைய படை என்று தெளிவாக வருஷத்தோடு எழுதவேண்டும். எல்லோரையும் ஒரே வரியில் கலந்துவிடக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓய்வு ஹவில்தார்

அது சரியான பேச்சு. எங்கள் ரெஜிமென்ட் 1758இலிருந்து கணக்கு வைக்கிறது. அதில் எல்லாமும் இருக்கிறது, எதையும் அழித்துவிட்டுச் சொல்ல முடியாது. போர்ப் பெயரும் வருஷமும் போட்டால் படிக்கிறவன் புரிந்துகொள்வான்.

அணையா விளக்கு பற்றி யாரும் பேசவில்லை. அது வேண்டாம் தம்பி. அமர் ஜவான் ஜோதிக்கு 2006வரை காஸ் சிலிண்டர், அப்புறம் குழாய் காஸ். அதைக் கவனிக்க இரவும் பகலும் ஆள். அப்படிக் காத்த விளக்கைத்தான் 2022 ஜனவரியில் கொண்டுபோய்ப் புதிய தேசியப் போர் நினைவிடத்து ஜோதியோடு சேர்த்தார்கள். என் கூடப் பணிபுரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அது வருத்தம், பாதிப் பேருக்கு அதுதான் சரி. ஏனென்றால் இந்தியா கேட்டில் இருப்பது பிரிட்டிஷ் காலத்து வீரர்கள் பெயர். புதிய இடத்தில்தான் சுதந்திரத்துக்குப் பின் இறந்தவர்களின் பெயர், திறந்தபோதே 25,000க்கு மேல், ஒவ்வொன்றும் தனிக் கிரானைட்டில். வட்டம் வட்டமாக அமைந்த அந்த இடத்தை வடிவமைத்தவர் சென்னைக்காரர், யோகேஷ் சந்திரஹாசன். நான் போயிருந்தபோது ஒரு வடநாட்டு அம்மா ஒரு கல்லை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே தூசியே இல்லை.

கிராமத்தில் அணையா விளக்கு வைத்தால் ஒரு மாதத்தில் அணைந்துவிடும். அணைந்த ஜோதியைப் பார்ப்பது வைக்காமல் இருப்பதைவிடக் கொடுமை. விளக்குமாடம் ஒன்று வெட்டி வையுங்கள், யாருக்கு விருப்பமோ அவர்கள் எண்ணெய் ஊற்றட்டும்.

மூன்றாம்_மகள்

விளக்குமாடம் நல்ல யோசனை, ஐயா. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ‘வெள்ளிக்கிழமை விளக்கேத்த ஒரு இடம்னா போகலாம்’ என்றார்.

கடல்கடந்தவள்

ஓய்வு பெற்று ஊரில் இருக்கிற பதினாறு பேருக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? இறந்தவர்களுக்குக் கல் வைத்துவிட்டு இருப்பவர்களை மறந்துவிடக் கூடாது.

ஓய்வு ஹவில்தார்

எங்களுக்குக் கல் வேண்டாம் அம்மா, நாங்கள் இன்னும் இருக்கிறோம். 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சட்டையில் குத்தும் சின்னக் கொடியில் சிவப்பு, கருநீலம், இளநீலம் என்று மூன்று நிறம் இருக்கும். தரைப்படை, கடற்படை, விமானப்படை. வசூலிக்கும் பணம் எங்களைப் போன்றவர்களுக்கும் இறந்தவர் குடும்பங்களுக்கும் வருகிறது. ஆனால் பிள்ளைகளிடம் அது என்ன கொடி என்று கேட்டால் தெரிவதில்லை. கொடிக்குக் காசு வாங்கும் அன்று ஊரில் இருக்கும் பழைய பட்டாளத்துக்காரர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துப் பத்து நிமிஷம் பேசவைத்தால் போதும். அழைத்தால் சட்டையில் பதக்கம் குத்திக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

ஜவ்வாதுச்சாரல்

மூன்று வீட்டுக்கும் போய் வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1971இல் இறந்தவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். பரணிலிருந்து பச்சை டிரங்குப் பெட்டியை இறக்கிக் காட்டினார். மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பரும் பெயரும். உள்ளே ஒரு மப்ளர், சவரப் பெட்டி, ஊருக்கு எழுதி முடிக்காத ஒரு இன்லேண்ட் லெட்டர். ‘மழை நன்றாகப் பெய்ததா, கிணற்றில்’ என்பதோடு நிற்கிறது. சிலை வேண்டுமா என்றேன். ‘அண்ணன் முகம் எனக்கே மறந்துபோச்சு, போட்டோவும் கரையான் அரிச்சிருச்சு. பேரை மட்டும் போடுங்க’ என்றார்.

கார்கில் வீரரின் மனைவி, ‘எது வெச்சாலும் மத்த ரெண்டு பேரைவிட இவருக்குப் பெருசா வெக்காதீங்க’ என்று சொன்னார்.

சியாச்சினில் போனவரின் அம்மாதான் அதிகம் பேசினார். உடல் வராததால் பல வருஷம் காரியமே செய்யவிடவில்லையாம். கல் வைக்கும் இடத்தை நானும் வந்து பார்க்கணும் என்றார். கூட்டிப்போனேன். பேருந்து நிறுத்தம் வேண்டாம், அங்கே வெற்றிலை துப்புவார்கள், போஸ்டர் ஒட்டுவார்கள் என்று சொல்லி, பள்ளிக்கூடத்துக்கும் ஏரிக்கும் நடுவே வேடியப்பன் கல் இருக்கும் புங்கமரத்தடியைக் காட்டினார். கல்வெட்டுப்பித்தன் சார், நீங்கள் சொன்ன மாதிரியே எங்கள் ஊரிலும் இருக்கிறார். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்த்தால் வில் தெரிகிறது. சிறுவயதிலிருந்து கும்பிட்டும் கவனித்ததில்லை.

நேற்றைய கூட்டத்துக்கு மூன்று வீட்டாரும் வந்தார்கள். ஒரே பலகைக்கல், மேலே துப்பாக்கியும் ஹெல்மெட்டும் புடைப்பாக, கீழே மூன்று பெயரும் ஒரே அளவில், போரும் வருஷமும் சேர்த்து, அடியில் விளக்குமாடம் என்று முடிவானது. ‘பட்டான் கல்’ என்று தலைப்பில் போடலாம் என்றேன். அவன் இவன் என்று எழுதினால் மரியாதையாக இருக்காது என்று பெரியவர்கள் மறுத்தார்கள், அதனால் ‘போரில் பட்டார் கல்’ என்று வைத்திருக்கிறோம். பழைய பதிவுகளில் முதல் போருக்குப் போனவர் யாராவது கிடைத்தால் எழுதுவதற்குக் கீழே இடம் விடுகிறோம்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. 1971 வீரருக்கு ரெக்கார்டில் ஒரு பெயர், ஊரில் கூப்பிட்ட பெயர் வேறு. எதை வெட்டுவது?

உளிச்சத்தம்

இரண்டையும் வெட்டலாம் தம்பி. ரெக்கார்டுப் பெயர் ஒரு வரி, ‘என்கிற’ போட்டு ஊர்ப்பெயர் அதே வரியில். எழுத்து உயரம் இரண்டு அங்குலம் வைத்தால் இடம் பத்தும். கூலி நான் வாங்கமாட்டேன், கல்லுக்கும் வண்டிக்கும் மட்டும் கொடுங்கள். கல்லை நீங்களே வந்து பார்த்து எடுங்கள். தட்டிப் பார்த்தால் கணீரென்று சத்தம் வரவேண்டும், மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்பு.

கல்வெட்டுப்பித்தன்

கல் பார்க்கப் போகும்போது என்னையும் அழையுங்கள். விழுப்புரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுவேன்.

ஜவ்வாதுச்சாரல்

வியாழக்கிழமை போகிறோம் சார். சியாச்சின் வீரரின் அம்மாவும் வருகிறேன் என்கிறார், அதனால் கார் சொல்லியிருக்கிறேன். ஹவில்தார் ஐயா, கல் நடும் அன்று லாஸ்ட் போஸ்ட் ஊத வேலூர்ப் பக்கம் பழைய பியூகிள்காரர் யாராவது இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள்.